ஒரே அளவில் இரண்டு கேட்டமரன்: எதை வைத்து ஒப்பிடுவது?

ஒரே நீளமுள்ள இரண்டு குரூஸிங் கேட்டமரன்களை (இரண்டு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த, தங்கிப் பயணம் போகும் பாய்ப்படகுகளை) பார்க்கப் போனால், விற்பவர்கள் முதலில் காட்டுவது சோபாவும் சமையலறையும்தான். குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளம் பார்த்து வளர்ந்த நாம் கேட்க வேண்டியது வேறு. தண்ணீர், டீசல், ஆட்கள், சாமான் எல்லாம் ஏறிய பிறகு இது எப்படி மிதக்கும், எப்படி ஓடும்? படகு வாங்க நினைப்பவர்களுக்கும், சார்ட்டர் (வாடகைப்) படகில் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது ஒன்றுதான் முக்கியக் கேள்வி.

உதாரணத்துக்கு லகூன் 42, லெப்பர்ட் 42 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். லகூன் பிரான்ஸ் நாட்டுப் படகு. லெப்பர்ட், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ராபர்ட்சன் அண்ட் கெய்ன் நிறுவனம் கட்டுவது.

படி 1: அளவுகளை ஒரே தாளில் எழுதுங்கள்

லகூன் 42: நீளம் 12.80 மீட்டர், அகலம் 7.70, தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 1.25. லெப்பர்ட் 42: நீளம் 12.67, அகலம் 7.04, ஆழம் 1.40.

நீளத்தில் வித்தியாசம் 13 செ.மீ. தான், அதை விட்டுவிடலாம். அகலத்தில் 66 செ.மீ. இருக்கிறது. அகலம் கூடினால் உள்ளே இடம் கூடும், பக்கவாட்டு உறுதியும் கூடும். ஆனால் கட்டி நிறுத்தவும் கரையேற்றவும் இடம் கிடைப்பது கஷ்டமாகும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாமே மீன்பிடித் துறைமுகங்கள். உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்தும் முறையான மரினா வேண்டுமென்றால் கொச்சி போல்காட்டி வரை போக வேண்டும்.

ஆழத்தில் உள்ள 15 செ.மீ. சின்ன விஷயமாகத் தெரியலாம். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடைவதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே படகு கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் ஒவ்வொரு விரல்கடை தண்ணீரும் தேவைப்படும். ஆழமான கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) உள்ள படகுக்கும் ஒரு நன்மை உண்டு: எதிர்க்காற்றில் பாய் விரித்துப் போகும்போது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது குறையும்.

படி 2: வெறும் எடையை நம்பாதீர்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் காலிப் படகின் எடை. அதிலும் ஒரு கம்பெனி பேட்டரியையும் நங்கூரத்தையும் சேர்த்துச் சொல்லும், இன்னொன்று சேர்க்காது. எதையெல்லாம் சேர்த்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நீங்களே ஏற்றிப் பாருங்கள். 600 லிட்டர் தண்ணீர் 600 கிலோ. 400 லிட்டர் டீசல் சுமார் 340 கிலோ. 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி 70 மீட்டர் என்றால் 160 கிலோவை ஒட்டி வரும். ஆறு பேர் 450 கிலோ. கரைக்குப் போய்வரும் சின்ன டிங்கிப் படகும் அதன் எஞ்சினும் 150 கிலோ என்று வையுங்கள். அரிசி, கேஸ் சிலிண்டர், துணிமணி, கருவிகள், உதிரிப் பாகங்கள் எல்லாம் சேர்ந்தால் இரண்டரை டன்னுக்கு வந்துவிடும். ஜெனரேட்டரும் ஏசியும் வைத்தால் மூன்று டன்.

படி 3: பாய்க்கும் எடைக்கும் ஒரு கணக்கு

போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். டன்னில் உள்ள எடையை 1.025ஆல் வகுங்கள் (கடல்நீரின் அடர்த்தி அது). வந்த எண்ணின் கனமூலத்தை எடுத்து, அந்தக் கனமூலத்தை அதனாலேயே பெருக்குங்கள். பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, இந்த விடையால் வகுங்கள்.

12 டன் படகு, 90 சதுர மீட்டர் பாய் என்று வைப்போம். 12ஐ 1.025ஆல் வகுத்தால் 11.7. கனமூலம் 2.27, அதன் வர்க்கம் 5.16. 90ஐ அதால் வகுத்தால் 17.4. இதே படகில் 3 டன் ஏற்றிக் கணக்குப் போட்டால் 15தான் வரும். லேசான காற்றில் பாயிலேயே ஓடும் படகு, எஞ்சினைத் தேடும் படகாக மாறுவது இப்படித்தான். இரண்டு படகுக்கும் சுமையோடு வரும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 4: நடுத்தளத்தின் அடியில் எவ்வளவு இடைவெளி?

இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரம் இது. நீர்க்கோட்டு நீளத்தில் (படகு தண்ணீரைத் தொடும் நீளம்) 6 சதவீதமாவது வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. 12.4 மீட்டருக்கு ஏறக்குறைய 75 செ.மீ. இது குறைந்தால் எதிரலையில் தளத்தின் அடியில் அலை வந்து அறையும், படகே அதிரும், உள்ளே யாரும் தூங்க முடியாது. குமரி முனையைச் சுற்றிப் போகும்போது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் அலையும் சேர்ந்து வந்தால் இந்த ஒரு அளவுதான் பயணத்தைத் தீர்மானிக்கும்.

இந்த அளவுப் படகு ஒரு டன் ஏற்றினால் சுமார் 4 செ.மீ. இறங்கும். மூன்று டன்னுக்கு 12 செ.மீ. போய்விடும். கையில் டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 5: காற்றோட்டம்

லெப்பர்டில் முன்பக்கம் ஒரு கதவு உண்டு, அணியத்துப் (படகின் முன்முனை) பக்கம் உட்காரவும் இடம் உண்டு. நங்கூரம் போட்டு நிற்கும்போது காற்று நேராக உள்ளே வரும். நம் ஊர் வெக்கைக்கு அது பெரிய வரம். ஆனால் எதிரலை ஏறி அடிப்பதும் அந்தக் கதவில்தான், அதனால் ரப்பர் சீலையும் தாழ்ப்பாளையும் நன்றாகப் பாருங்கள். லகூனில் அந்தக் கதவு கிடையாது. எந்தெந்த ஜன்னல் திறக்கும் என்று எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

படி 6: பாய் சுருக்கும் அட்டவணை

எந்தக் காற்றுக்கு எவ்வளவு பாய் என்று கம்பெனியே ஓர் அட்டவணை தரும். அதைக் கட்டாயம் வாங்குங்கள். ஒற்றை உடல் பாய்ப்படகு காற்று கூடும்போது சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரன் அதிகம் சாயாது, கவிழ்ந்தால் தானாக நிமிரவும் செய்யாது. எந்தப் படகு முதலில் பாயைக் குறைக்கச் சொல்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே ஆள் சுக்கானை விட்டு நகராமல் பாயைக் குறைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள்.

படி 7: கடலில் ஓட்டிப் பாருங்கள்

தண்ணீர் டேங்கையும் டீசல் டேங்கையும் நிரப்பச் சொல்லுங்கள், கூட நாலைந்து பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் எதிரலையில் ஓட்டி, தளத்தின் அடியில் சத்தம் எப்படி என்று உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் அமரத்துக்கு (படகின் பின்பக்கம்) போய் எஞ்சின் அறையைத் திறந்து, ஒரு ஆள் உடம்பை உள்ளே நுழைத்து வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். கிளம்பும் முன், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கையைப் பாருங்கள். கள்ளக்கடல் (தூரத்திலிருந்து வந்து திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் அன்று வேண்டாம். இரண்டு படகையும் ஒரே வாரத்தில், முடிந்தவரை ஒரே மாதிரிக் காற்றில் ஓட்டுங்கள். ஒன்றைத் தை மாதத்திலும் மற்றதை ஆடியிலும் ஓட்டினால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கடலைத்தான்.