வீட்டிலேயே கலம்காரி: கருப்புக் கோடும் சிவப்பும் வரவழைப்பது எப்படி?

சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்குத் தொம்பையும் (தேரில் தொங்கவிடும் உருளைத் துணி) அசுமானகிரியும் (மேலே கட்டும் விதானத் துணி) கலம்காரியாக, அதாவது கோலால் துணியில் கையாலேயே, எழுதுகிறவர்களின் வேலையைப் பார்த்ததிலிருந்து, ஒரு சிறு துண்டுத் துணியிலாவது அந்தக் கருப்புக் கோட்டை நானே வரவழைக்க வேண்டும் என்று ஆசை. கடையில் விற்கும் துணிப் பெயின்ட் இல்லாமல், கடுக்காய், பால், இரும்பு, வெல்லம், படிகாரம், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் மட்டும் வைத்து. இப்போது நன்றாகவே வருகிறது. செய்ய நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நீலம் இதில் கிடையாது. அதற்கு அவுரித் தொட்டியும் மெழுகும் வேண்டும், அது தனிப் பாடம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எழுதுகோலில் இருக்கும் இரும்புக் கரைசல் கிட்டத்தட்ட நிறமில்லாதது. துணிக்குள் கடுக்காயின் துவர்ப்பு ஏற்கெனவே ஊறியிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கருப்பு பிறக்கிறது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் போகோலான்ஃபினி என்றொரு துணி உண்டு. இலைச்சாற்றில் தோய்த்த துணியில் இரும்புச் சத்துள்ள சேற்றால் எழுதுவார்கள். இடைக்கால ஐரோப்பாவில் துவர்ப்புள்ள மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்த மையால்தான் சுவடி எழுதினார்கள். மூன்றும் ஒரே வேதியியல். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லும் எச்சரிக்கைகள் எல்லாம் தானாகவே விளங்கும்.

1. இரும்பு ஊறல்

இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும், தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும். அரைக் கிலோ துருப்பிடித்த ஆணி, லாடம், உடைந்த அரிவாள் எதுவானாலும் சரி. நெருப்பில் சுட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிடுங்கள். வெள்ளையாகப் பளபளக்கும் துத்தநாகப் பூச்சு ஆணி மட்டும் கூடவே கூடாது, சுட்டால் வரும் புகையும் கெடுதல். மண்பானையில் 3 லிட்டர் தண்ணீர், கால் கிலோ வெல்லம், இரும்பு. வாயைத் துணியால் கட்டுங்கள், இறுக மூட வேண்டாம். வெல்லம் புளித்துக் காடியாகி இரும்பைக் கரைக்கும். எனக்குப் பனைவெல்லம்தான் பிடிக்கும், சீக்கிரம் புளிக்கிறது. நுரை அடங்கி, காடி வாசனை வந்ததும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

2. துணி

காடாத் துணி, நூறு சதம் பருத்தி. கஞ்சி முழுக்கப் போயிருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இறங்கினால் போதும்.

3. கடுக்காயும் பாலும்

பலருக்கும் வேலை இங்கேதான் கெடுகிறது, நானும் நெடுநாள் தேங்கி நின்ற இடம் இதுதான். கோடு எழுதியதும் பிளாட்டிங் பேப்பரில் மை விழுந்தது மாதிரி இரண்டு பக்கமும் பரவிவிடும். கோலை மாற்றுவோம், ஊறலைக் கெட்டியாக்குவோம், ஒன்றும் நடக்காது. காரணம் பால்.

கடுக்காய் கருப்பு நிறத்துக்கு. பால் அந்த நிறம் ஓடாமல் இருப்பதற்கு. பாலின் கொழுப்பு நூலிழைகளில் படிந்து கரைசல் பக்கவாட்டில் ஏறுவதைத் தடுக்கிறது. ஆகவே தண்ணீர் கலந்த பால், கொழுப்பெடுத்த பாக்கெட் பால் இரண்டும் உதவாது. எருமைப் பாலைத் தேடிப் பிடியுங்கள். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையில் துணி எழுதுகிறவர்களிடம் கேட்டு 1742-ல் ஊருக்கு எழுதிய கடிதத்திலும் எருமைப் பாலைத்தான் சொல்கிறார். பிரான்ஸ் 1686-ல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது, தடை நீங்கியது 1759-ல். துணி உள்ளே வரத் தடை இருந்த காலத்திலேயே அதன் செய்முறையை எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நம் எழுத்துக்காரர்களின் கைக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள்.

அளவு: ஒரு மீட்டர் துணிக்கு அரை லிட்டர் காய்ச்சாத பால், 50 கிராம் கடுக்காய்த் தூள். நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கிய கடுக்காயாக வாங்கி நீங்களே இடித்துச் சலியுங்கள். துணி முழுக்க ஒரே சீராக நனையட்டும். பிழியும்போது ஒரு பக்கம் மட்டும் முறுக்கிவிடாதீர்கள், அந்த இடத்தில் பால் குறைந்து கோடு அங்கே மட்டும் கசியும். நல்ல வெயிலில் திருப்பிப் போட்டு மொறமொறவென்று காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் இந்த வேலையே வேண்டாம். பால் சரியாக இருந்தாலும் காற்றின் ஈரம் கோட்டைப் பரப்பிவிடும்.

காய்ந்ததும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கூர்மையாக நின்றால் மேலே போகலாம். கசிந்தால் மறுபடி பாலில் தோய்த்துக் காய வையுங்கள்.

4. எழுதுவது

மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டினால் கோல் தயார். கம்பளி ஊறலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்த இறங்கும். ஸ்பாஞ்ச் சுற்றுகிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை, ஒரே அழுத்தில் கொட்டிவிடும். கருப்பூர்க் கலம்காரிக்காரர்கள் மூங்கிலோடு தென்னங்குச்சியிலும் கோல் செய்கிறார்கள். புளியங்குச்சிக் கரியால் மெல்ல வரைந்துகொண்டு அதன் மேல் எழுதுங்கள். கோடு கண்ணெதிரே கருக்கும்.

கருப்பூர் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொள்ளிடக்கரைக் கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகப் புடவை செய்தார்கள். தறியிலேயே சரிகைப் பூ நெய்து, அதற்கு மேல் மெழுகு, சாயம், எழுத்து. 1855-ல் அரச வம்சம் முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் அந்தப் புடவை நின்றுபோனது. கோயில் துணி எழுதும் மரபுதான் இன்றும் இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்தது நல்லது, ஆர்டரும் கிடைக்க வேண்டும். உங்கள் ஊர்த் தேருக்குத் தொம்பை வாங்குவதாக இருந்தால் அச்சடித்ததை விட்டுவிட்டு இவர்களிடம் கேளுங்கள்.

5. படிகாரமும் ஆற்றுத் தண்ணீரும்

20 கிராம் படிகாரத்தை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் பூசுங்கள். நிறமே தெரியாது, அதனால் ஒரு சிட்டிகை மஞ்சிட்டித் தூள் கலந்துகொண்டால் எங்கே பூசினோம் என்று தெரியும். பழைய ரோமாபுரியின் எழுத்தாளர் பிளினி, எகிப்தில் நிறமில்லாத மருந்துகளைத் துணியில் பூசி ஒரே சாயத்தில் முக்கிப் பல நிறமாக எடுப்பதை வியந்து எழுதியிருக்கிறார். நாம் செய்வதும் அதுதான்.

ஒரு முழு நாள் காய்ந்த பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். வாளித் தண்ணீரில் அலசினால் ஒரு இடத்தில் கழன்ற படிகாரம் இன்னொரு இடத்தில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் துணி முழுக்கச் சிவந்துவிடும். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்கள் இதற்குத் தோதானவை. வாய்க்கால் வறண்ட காலத்தில் பம்புசெட் தொட்டியின் கீழ்வாயில் துணியைப் பிடியுங்கள்.

6. சிவப்பு

பழைய ஆட்கள் கடற்கரை மணலில் விளையும் சாயவேரைப் பயன்படுத்தினார்கள். அது கிடைப்பது அரிது, மஞ்சிட்டி போதும். 100 கிராம் தூளைத் தண்ணீரில் போட்டு, செம்பு அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் துணியோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். இரும்புச் சட்டி வைத்தால் சிவப்பு கருகிவிடும். எடுக்கும்போது வெறும் இடமும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சாணி கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து அலசி, புல்தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். சில நாள் வெயிலில் வெறும் இடம் வெளுக்கும், படிகாரம் பட்ட இடம் அப்படியே நிற்கும்.

பின்சேர்க்கை: கடைமடைப் பக்கத்திலிருந்து ஒருவர், கடுக்காய்ப் பாலில் போட்டு எடுத்ததுமே துணி சாம்பல் நிறமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். துணியை போர்வெல் தண்ணீரில் துவைத்தாராம். அந்தத் தண்ணீரில் இரும்பு இருந்தால் துணி முழுவதுமே எழுதப்பட்டதாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுப் பாருங்கள். கருத்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், மழைநீர் பிடித்துப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: கருப்புக் கோட்டின் மேலேயே துணி கிழிகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஊறல் மிகக் கெட்டியாக இருந்திருக்கிறது. இரும்பு பருத்தியை அரிக்கும், அருங்காட்சியகங்களில் உள்ள பழைய துணிகளிலும் கருப்பு இருந்த இடம்தான் முதலில் இற்றுப்போயிருக்கும். ஊறலில் சம அளவு தண்ணீர் கலந்து எழுதிப் பாருங்கள், அப்போதும் நன்றாகக் கருத்தால் அந்த அளவே போதும். எழுதிக் காய்ந்ததும் ஒரு முறை நன்றாக அலசிவிடுங்கள்.