கையால் வரையும் புதிர்ப்பாதை: தொடக்கத்தில் நேரும் தவறுகள்

லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில், மூன்றாம் வில்லியம் மன்னருக்காக 1700ஆம் ஆண்டை ஒட்டி வளர்க்கப்பட்ட வேலிப் புதிர்ப்பாதை ஒன்று இன்றும் இருக்கிறது. ஆளுயர வேலிகளுக்கு நடுவே நுழைகிறவர்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து தடுமாறுகிறார்கள். அதே பாதையின் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு ஒரு பள்ளி மாணவியிடம் கொடுத்தால், சிறிது நேரத்தில் நடுவிடத்தை அடைந்துவிடுவாள். உள்ளே நடப்பவருக்கு அடுத்த திருப்பம் வரைதான் தெரியும். தாளைக் கையில் வைத்திருப்பவருக்கோ எல்லாத் திருப்பங்களும் ஒரே நேரத்தில் தெரியும். கையால் புதிர்ப்பாதை வரையத் தொடங்குபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை என்பதைப் பல ஆண்டுகளாக வரைந்துவரும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அவற்றுள் மிகப் பரவலானது குட்டையான முட்டுச்சந்து. 5 மில்லிமீட்டர் கட்டமிட்ட தாளில், சரியான பாதையிலிருந்து இடப்பக்கம் பிரிந்து, நான்கைந்து கட்டங்கள் சென்றதும் சுவரில் முட்டி நிற்கும் ஒரு கிளையை எண்ணிப் பாருங்கள். அதன் வாயும் முடிவும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பென்சில் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்பே கண் அதைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறது. இப்படி ஐம்பது முட்டுச்சந்துகளை வரைந்தாலும் பக்கம் கறுத்துப்போகுமே தவிர, புதிர் கடினமாகாது. பொய்ப்பாதை ஒன்று குறைந்தது ஒரு சாண் நீளமாவது வளைந்து வளைந்து போக வேண்டும்; போகிற வழியில் தானும் இரண்டாகப் பிரிய வேண்டும்; இடையில் ஒருமுறையாவது சேருமிடத்தை நோக்கித் திரும்பி, நெருங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையைப் பென்சில் பிடித்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஏ4 தாளுக்கு இத்தகைய பொய்ப்பாதைகள் ஏழெட்டு இருந்தாலே போதும்.

அடுத்தது, விடையை முதலில் வரைந்து முடித்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தைப் பொய்ப்பாதைகளால் நிரப்புவது. இதை எளிய வழியென்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்; நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் தாள் வெறுமையாக இருக்கும்போது வரையும் பாதை தாராளமாக, நீண்ட வளைவுகளோடு போகிறது. பிறகு இடுக்குகளில் வரைபவையோ நெருக்கமாகவும் நெளிநெளியாகவும் அமைகின்றன. முடிந்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஆறடி தள்ளி நின்று பார்த்தால், நிலப்படத்தில் ஆறு தெரிவதுபோல விடை தனியாகத் தெரியும். இதற்குப் பதிலாக, பென்சிலால் மூன்று அல்லது நான்கு பெரும்பாதைகளை ஒரே நேரத்தில் வளர்த்துக்கொண்டு போவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே நீளமும் ஒரே அளவு திருப்பங்களும் இருக்கட்டும். எல்லாமே சேருமிடத்தின் அருகில் வரட்டும். எந்தப் பாதைக்கு வாசல் திறப்பது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு சுவரை எடுப்பதா வைப்பதா என்பதில் விடை தீர்மானமாகும்போது, வரைந்த கைக்கே அது முன்கூட்டித் தெரியாமல் போகிறது. ஆகவே கோடுகள் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு வாரம் செலவிட்டு வரைந்த ஒரு படத்தை என் அக்காள் மகளிடம் கொடுத்தேன். அவள் புறப்படும் இடத்தைப் பார்க்கவே இல்லை. சேருமிடத்தில் விரலை வைத்து, எங்கும் நிற்காமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினாள். நான் வரைந்த கிளைகள் அனைத்தும் முன்னோக்கிச் சாய்ந்து பிரிந்திருந்தன. வாசலிலிருந்து வருபவருக்கு அவை இரண்டு சமமான வழிகளாகத் தோன்றும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்கோ, பின்பக்கம் கூர்மையாகத் திரும்பினால் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளாக அவை இருந்ததால், விரல் அவற்றைக் கவனிக்காமலே கடந்துவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு படத்தையும் பாதி முடிந்ததும் தலைகீழாகத் திருப்பி வைத்து, சேருமிடத்திலிருந்து புறப்படுபவரை ஏமாற்றும் கிளைகளையும் தனியே வரைகிறேன். சேருமிடத்துக்கு அருகில் நீளமான கிளைகள் குறைந்தது இரண்டு கட்டாயம் வேண்டும்.

கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கலை எளிதில் வரும். புள்ளி வைத்து இடைவெளி காப்பதும், நடுங்காமல் வளைப்பதும் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அதே பழக்கம் இரண்டு இடங்களில் இடறச் செய்யும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றிப் போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து இணைந்தால்தான் கோலம் நிறைவாகும். புதிர்ப்பாதையில் கோடு என்பது சுவர். சுவர் தன்னோடு தானே வந்து இணைந்தால், உள்ளே யாரும் நுழைய முடியாத ஓர் அறை அடைபட்டுவிடும். இரண்டாவது, சமச்சீர். கோலத்துக்கு அழகைத் தரும் இடவலப் பொருத்தம் இங்கே பாதி விடையைச் சொல்லிவிடும். இடப்பக்கத்தில் ஒரு சந்து முட்டுகிறது என்று கண்டவர், வலப்பக்கத்தில் அதற்கு இணையான சந்தைத் தொடவே மாட்டார். வெளிச்சட்டத்தைச் சமச்சீராக வைத்துக்கொண்டு உள்ளே அதைக் கலைப்பது எனக்குப் பிடித்த வழி.

வரைந்து முடித்தபின் சரிபார்க்காமல் மையிடுவது எல்லாவற்றிலும் வருத்தம் தரும் தவறு, ஏனெனில் அதைத் திருத்த முடியாது. கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. விடை தெரிந்த கண் விடையை மட்டுமே பார்க்கும். நம்பகமான சோதனை ஒன்று உண்டு. வாசலும் முடிவும் வெளிச்சுவரில் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு திறப்புகளும் வெளிச்சுவரை இரண்டு துண்டுகளாக வெட்டுகின்றன. பென்சில் படத்தின் ஒளிநகலில், முதல் துண்டையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சுவர்களையும், அவற்றைத் தொடும் சுவர்களையும் சிவப்பால் வரைந்துகொண்டே போங்கள். மற்றத் துண்டிலிருந்து தொடங்கி அதேபோல நீலத்தால் வரையுங்கள். சிவப்பும் நீலமும் எங்காவது தொட்டுக்கொண்டால், வாசலிலிருந்து முடிவுக்கு வழியே இல்லை. தொடாமல் எல்லாச் சுவர்களும் நிறம் பெற்று, எந்தச் சுவரும் வளையமாக மூடாமலும் இருந்தால், வழி ஒன்றே ஒன்றுதான். அது சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஓடுவதைத் தெளிவாகக் காணலாம். எந்த நிறமும் சேராமல் தனித்து நிற்கும் சுவர் இருந்தால் அது ஒரு தீவு. அதைச் சுற்றிவர முடியும்.

தீவு இருப்பது எப்போதும் பிழையல்ல. சுவரில் வலக்கையை வைத்து, எடுக்காமல் நடந்தால் வெளியேறிவிடலாம் என்ற பழைய உத்தி, சேருமிடம் அத்தகைய தீவுக்குள் இருந்தால் பலிக்காது. தீர்ப்பவர் வெளிச்சுவரையே சுற்றிவந்து வாசலில் நிற்பார். வேண்டுமென்று வைத்த தீவு நல்ல உத்தி. தெரியாமல் விழுந்த தீவுதான் குறுக்குவழியைத் திறந்துவிட்டு, இரண்டு வார உழைப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும்.

கிளையே இல்லாத சுழல்பாதையையும் புதிர்ப்பாதையையும் ஒன்றாக எண்ணி வரைபவர்களும் உண்டு. கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200ஐ ஒட்டிய களிமண் பலகையின் முன்பக்கத்தில் ஆட்டுக் கணக்கு எழுதியிருக்கிறது. பின்பக்கத்தில் எழுத்தர் ஒருவர் கீறிய சதுரச் சுழல்பாதை இருக்கிறது. கர்நாடகத்தின் ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலில் செதுக்கப்பட்டிருக்கும் சக்கரவியூகமும் சுழல்பாதை வடிவமே. அதில் வழி தவறவே முடியாது. சுற்றிச் சுற்றி நடுவை அடைவதுதான் அதன் நோக்கம். அதன் எலும்புக்கூட்டை எடுத்து இரண்டு மூன்று சுவர்களை மட்டும் உடைத்துப் புதிராக்க முயன்றால், வட்டங்களுக்கு இடையே பென்சில் நீண்டநேரம் ஓடும், ஆனால் தேர்வு செய்யும் தருணம் வராது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதை 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மற்றவரின் பென்சில் சுவரில் ஏறும். மை காய்வதற்குமுன் அழிப்பானை வைத்தால் சுவர் இழுபடும். வலக்கைக்காரர்கள் மேல் இடமூலையிலிருந்து மையிட்டு வர வேண்டும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். முதல் படத்துக்கே பெரிய தாளை எடுக்க வேண்டாம். ஜப்பானில் ஒருவர் ஏ1 அளவுத் தாளில் ஏழு ஆண்டுகளாக வரைந்த புதிர்ப்பாதையை அவருடைய மகள் 2013இல் இணையத்தில் வெளியிட்டார். அதைப் பார்த்துப் பெரிய தாள் வாங்கி, கால்வாசியில் விட்டவர்களை நான் அறிவேன்.

உருவங்களைப் புதிர்ப்பாதையாக வரையும்போதுதான் இது முழுமையாகக் கலையாகிறது, தவறும் அங்கேதான் ஆழமாகிறது. கோபுரத்தின் வெளிக்கோட்டை வரைந்து, உள்ளே சதுரக் கட்டங்களை நிரப்பினால் அது கோபுரமாகாது. கட்டமிட்ட துணியைக் கோபுர வடிவில் வெட்டியதாகவே தெரியும். ஒவ்வொரு நிலையிலும் பாதைகள் கிடைமட்டமாக ஓடி, நிலைகள் மாறும் இடத்தில் மட்டும் மேலேற வேண்டும். உச்சியில் கலசங்களைச் சுற்றி அவை வளைய வேண்டும். யானை என்றால் துதிக்கையின் மடிப்புகளுக்குக் குறுக்கே பாதை போக வேண்டும். நிழல் காட்டுவதற்காகப் பாதைகளை நெருக்கினால், நெருக்கம் மாறும் இடங்கள் விடைக்குக் குறிப்பாகிவிடும். பாதையின் அகலத்தை மாற்றாமல் சுவரின் தடிப்பை மட்டும் மாற்றுங்கள்: வெளிச்சம் விழும் பக்கத்தில் 0.2 மில்லிமீட்டர் முனைப் பேனா, நிழலில் 0.8. தடித்த கோட்டுக்கு வேண்டிய இடத்தைப் பென்சில் நிலையிலேயே ஒதுக்க வேண்டியிருக்கும்.

படம் முடிந்ததும் மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, ஒளிநகல்கள் நான்கை நான்கு பேரிடம் கொடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று கேட்பதைவிட, தாள்களைத் திரும்ப வாங்கி, பென்சில் தடம் எங்கே அழுந்தியிருக்கிறது, எந்த முச்சந்தியில் நின்று சிறு புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒருவர்கூட நுழையாத சந்துகளை மூலப்படத்தின் பென்சில் நகலில் குறித்துவைத்து, அடுத்த படத்தை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.