ஏற்றத்துக்கு ஓர் உடை, இறக்கத்துக்கு ஓர் உடை: குளிர்நாளில் மலைப்பாதை சைக்கிள்

எங்கள் குழுவில் நான் எப்போதும் கடைசியில் வருகிறவள். யாருடைய சக்கரம் பஞ்சரானாலும், யாருக்கு மூச்சு முட்டினாலும் கூடவே நிற்க ஒருவர் வேண்டும். அந்த வேலை என்னுடையது. அதனால் சைக்கிள் ஓட்டும்போது அடிக்கிற குளிரைவிட, நிற்கும்போது ஏறுகிற குளிரோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

குளிர்நாளில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் போதாமல் உடுத்தி வருவதில்லை, மிதமிஞ்சி உடுத்தித்தான் வருகிறார்கள். புறப்படும் இடத்தில் இதமாக இருக்கும். முதல் ஏற்றம் முடிவதற்குள் உள்பனியன் தொப்பலாகிவிடும். இறக்கத்தில் பல் கிட்டும். அடுத்த வாரம் அவரே இன்னொரு ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்!

பெடல் மிதிக்கும்போது உடல் செலவழிக்கிற ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பம். பெடலில் 200 வாட் கொடுத்து ஏறுகிறவரின் உடலுக்குள் 600 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. மலைப்பாதை ஏற்றத்தில் வேகமோ நடையைவிடச் சற்றே அதிகம், எனவே அந்த வெப்பத்தை ஆற்றக் காற்றும் கிடையாது. உச்சியைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். கால் ஓய்ந்துவிடும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அறையும். 5 டிகிரி செல்சியஸ் குளிர் அந்தக் காற்றில் வெற்றுத் தோலுக்கு 0 டிகிரி போலத் தெரியும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஏற்றத்தில் நனைந்த பனியன் இறக்கத்தில் எதிரியாகிவிடுகிறது. நாம் உடுத்துவது குளிரைத் தடுக்க என்பது பாதி உண்மைதான். வியர்வையைக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய பாதி.

ஆகவே புறப்படும் இடத்தில் நிற்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால், எதையாவது கழற்றிப் பைக்குள் போடுங்கள்.

உடலோடு ஒட்டும் உள்பனியன் பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. மெரினோ கம்பளி, பாலியஸ்டர் இரண்டில் எதுவானாலும் சரி. பாலியஸ்டர் சீக்கிரம் உலரும், ஆனால் சீக்கிரமே நாறும். மெரினோ சற்று ஈரமானாலும் சூடு தரும், நாற்றமும் பிடிக்காது; முள்ளிலும் கிளையிலும் மாட்டினால் கிழிந்துவிடும் என்பதுதான் குறை. நான் மெரினோவின் பக்கம். எதை வாங்கினாலும் தோலோடு படிந்திருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் துணி வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளாது. கையைத் தூக்கி முன்னால் வளைந்து பாருங்கள், இடுப்பு வெளியே தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் பனியனை வாங்காதீர்கள். சைக்கிளில் நாள் முழுவதும் அந்த வளைவில்தான் இருக்கப் போகிறோம், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் அங்கேதான் வந்து விழும்.

10 முதல் 15 டிகிரி வரை இந்தப் பனியனும் மேலே நீளக்கை ஜெர்சியும் போதும். 5 டிகிரியை நெருங்கினால் ஜெர்சியின் இடத்தில் உட்பக்கம் பஞ்சுபோல் இருக்கிற தடித்த ஜெர்சி. அதற்கும் கீழே போனால், நான் தடிமனைக் கூட்டுவதற்குப் பதிலாக இன்னொரு மெல்லிய அடுக்கைச் சேர்ப்பேன். மெல்லியது இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றலாம், தடித்தது ஒன்றுதான் என்றால் கழற்ற வழியில்லை.

எனக்குப் பிடித்த உடுப்பு எது என்று கேட்டால், முன்பக்கம் காற்றைத் தடுத்து முதுகுப்பக்கம் வலையாக இருக்கிற கையில்லா ஜாக்கெட். சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். உச்சியில் எடுத்து மாட்டு, அடிவாரத்தில் கழற்று, அவ்வளவுதான். மழைக்கோட்டை மட்டும் நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். 20,000 மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்று சீட்டு ஒட்டிய ஜாக்கெட்டும், ஏற்றத்தில் வியர்க்கிற வேகத்துக்கு ஆவியை வெளியேற்றாது. மழை பெய்தால் போடுங்கள். பெய்யாவிட்டால் பைக்குள் இருக்கட்டும். வாங்கும்போது அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பின் இழுப்பானில் சிறு கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். தடித்த கையுறையோடு, ஓடுகிற சைக்கிளிலிருந்தே கழுத்து ஜிப்பை இறக்க முடியும். இறங்கி நின்று செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை, வியர்வையிலேயே ஏறிவிடுகிறார்கள்.

கை விறைக்கிறது என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். உடனே எல்லோரும் இன்னும் தடித்த கையுறையைத் தேடுவார்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். எனவே முதலில் கையில்லா ஜாக்கெட்டை மாட்டிப் பாருங்கள். பல நேரம் விரல் தானாகச் சூடாகிவிடும். அதற்கும் கேட்காவிட்டால்தான் கையுறையை மாற்ற வேண்டும்.

கையுறையைக் கடையில் சோதிக்கும் விதம் இது. மாட்டிக்கொண்டு விரல்களை முஷ்டியாக மடக்குங்கள். உள்ளங்கையில் துணி மடிப்பு விழுந்தால் நீண்ட இறக்கத்தில் அந்த மடிப்பு தோலை உரிக்கும். சுட்டுவிரல் ஒன்றை மட்டும் நீட்டி மடக்குங்கள், பிரேக் பிடிக்கப்போவது அந்த ஒரு விரல்தான். பிறகு ஹெல்மெட் பட்டையின் கொக்கியைக் கழற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது சைக்கிளுக்கானதல்ல. தடித்த கையுறை போட்டால் விரல் லீவரை எட்டச் சற்றுச் சிரமப்படும். லீவரில் இருக்கும் சிறு திருகைச் சுற்றி அதைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவாருங்கள். பையில் மெல்லிய கையுறை இன்னொரு ஜோடி இருக்கட்டும்: ஏற்றத்துக்கு மெல்லியது, இறக்கத்துக்கு உலர்ந்த தடித்தது.

காலுக்கு வருவோம். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கிக் கட்டுவது காலை விறைக்கவைக்கும் நிச்சயமான வழி. இரத்தம் ஓட இடமில்லாமல் போகிறது. ஷூவுக்குள் விரல்களை அசைக்க முடிய வேண்டும். கெண்டைக்கால் வரை ஏறும் கம்பளி சாக்ஸ் ஒன்று போதும், குளிர்காலத்துக்கென்று அரை அளவு பெரிய ஷூ வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பெடலில் பூட்டும் ஷூ என்றால், உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் துண்டான கிளீட்டின் போல்ட்டுகளுக்கான இடைவெளி வழியே காற்றும் தண்ணீரும் வரும். உலர்ந்த நாளில் அதன்மேல் பட்டையான டேப்பை ஒட்டி அட்டையைத் திரும்ப வையுங்கள். நீர்புகா சாக்ஸ் ஆழமற்ற ஓடைக்கு நல்லதுதான், ஆனால் விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் உள்ளேயே குளம் கட்டி நிற்கும். விரல் மரத்துப்போனால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் வேகமாக நடங்கள். உட்கார்ந்து தேய்ப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

முழங்கால் மூட்டை மூடுங்கள். தொடைக்கு அரைக்கால்சட்டை போதுமான குளிரிலும் மூட்டுக்கு அது போதாது. முழங்கால் காப்பு அணிகிறவர்களுக்கு அதுவே கதகதப்பு. குளிர் கூடினால் கணுக்காலில் ஒடுங்கிய நீளக் கால்சட்டை; அகலமாக இருந்தால் சங்கிலி கவ்வும்.

தலைக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பி. அதைப் போட்ட பின் ஹெல்மெட்டின் பின் திருகையும் பட்டையையும் மறுபடி சரிசெய்யுங்கள். கண்ணாடி நிற்கும்போதுதான் ஆவி படிந்து மங்கும். நின்றால் மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள்.

நிற்பதைப் பற்றி என் கறாரான விதி ஒன்று உண்டு. பஞ்சர் ஒட்ட உட்காரும் முன் ஜாக்கெட்டைப் போட்டாக வேண்டும், குளிர் தெரிந்த பிறகு அல்ல. இதற்காகப் பையில் ஜிப் பூட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் உலர்ந்த உள்பனியன் ஒன்றும், மடித்த அலுமினியப் பளபளப்புப் போர்வை ஒன்றும் எப்போதும் இருக்கும். நீண்ட ஏற்றத்தின் உச்சியில், காற்றுக்கு ஒதுங்கிய பாறை மறைவில், உள்பனியனை மாற்றிவிடுங்கள். முதல் நொடியில் உடல் சிலிர்க்கும், பிறகு இறக்கம் முழுவதும் சுகம். யாராவது பேச்சுக் குழறினாலோ, ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறினாலோ, அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது ஆபத்து, அதற்கு முன்னறிவிப்பு இப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் சேறு காய்வதற்குள் அலசுங்கள். மழைக்கோட்டையும் பாலியஸ்டர் பனியனையும் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைமேல் படலமாகப் படிந்து, ஒன்றின் நீர்விலக்கும் குணத்தையும் மற்றதன் வியர்வை உறிஞ்சும் குணத்தையும் கெடுத்துவிடும். மழைக்கோட்டின் மேல் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊற ஆரம்பித்தால், துவைத்த பின் உள்ளே இருக்கும் குறிப்பு அனுமதிக்கிற அளவுக்குக் குறைந்த சூட்டில் உலர்த்திப் பாருங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீர்விலக்கும் ஸ்பிரேயை மேலே அடிக்கலாம்.