வயிற்றைப் பிடித்தால் உடனே ஓமத் தண்ணீரா?

எங்கள் வீட்டில் யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அம்மா சொல்வது ஒரே வார்த்தைதான்: வாயு. அப்புறம் அஞ்சறைப் பெட்டி திறக்கும். பெட்டியைக் குறை சொல்லவில்லை, எது எதற்குக் கேட்கும் என்று பார்க்காமல் கைக்கு வந்ததைப் போட்டுக் கொதிக்க வைப்பதில்தான் கோளாறு.

நெஞ்செரிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜியை வளைத்துக் கட்டிவிட்டுப் புளித்த ஏப்பம் விடுபவருக்குப் புதினா டீ போட்டுக் கொடுப்பார்கள், தொண்டைக்கு ஜில்லென்று இருப்பதால் வயிற்றுக்கும் குளிர்ச்சி என்ற நினைப்பில். புதினா தசையைத் தளர்த்தும். குடல் இறுக்கிப் பிடித்து வலிக்கும்போது அது நல்லதுதான். ஆனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் கதவு மாதிரி ஒரு தசை இருக்கிறதே, அதையும் சேர்த்துத் தளர்த்திவிடும், அமிலம் மேலே ஏறும், எரிச்சல் இன்னும் கூடும். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடித்தாலும் பலருக்கு இதே கதைதான். குமட்டலுக்கு இஞ்சி கேட்கும், எரிச்சலுக்குக் கேட்காது.

கொதிக்க வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. சீரகம், சோம்பு, ஓமம் மூன்றிலும் மணத்தைத் தருவது ஆவியாகிப் போகும் எண்ணெய். பாத்திரத்தை மூடாமல் கால் மணி நேரம் கொதிக்க விட்டு வீடே மணக்கிறது என்றால் சரக்கு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, டம்ளருக்கு வருவது வெறும் நிறம். ஒரு ஸ்பூன் சீரகத்தை லேசாக நசுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, பத்து நிமிடம் விடுங்கள். தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் டம்ளரிலேயே தட்டிவிடுங்கள். சுக்கு அப்படியில்லை, கட்டை மாதிரி காய்ந்தது, இடித்துப் போட்டு நன்றாகக் கொதிக்கத்தான் வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப்போட்ட பால் டீயையே கொடுத்துவிட்டு, உப்புசம் ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. என்னத்தைச் சொல்ல! பெருங்காயமும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மாவும் கோந்தும் சேர்ந்த கூட்டுப் பெருங்காயம்தான். கோதுமை ஆகாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மோரில் போடவும்.

அதிமதுரம் இனிக்கிறதே என்று தினமும் குடிப்பவர்கள் கவனிக்க: நாள்பட்டால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தினசரி இஞ்சிச் சாறு ஆரம்பிக்கக் கூடாது.

கைக்குழந்தை விஷயத்தில் பாட்டியிடம் சண்டை போட்டாலும் பரவாயில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், ஓமத் தண்ணீர் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட ஆகாது. அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் கொடுக்கும் பழக்கமும் ஆபத்து, பார்க்க அச்சு அசல் அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை நஞ்சு, அது கலந்து வந்தாலும் நமக்குத் தெரியாது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால் 2003இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை அந்தத் தேநீரே வேண்டாம் என்று எச்சரித்தது.

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்தது, சட்டை நனைய வியர்த்தது. வாயு என்றார்கள். ஓமத் தண்ணீர், அப்புறம் சோடா, அப்புறம் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்று. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் யாருக்கோ 108ஐக் கூப்பிடத் தோன்றியது. மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் ஈசிஜி எடுக்கும்போதும் வயிற்றில் அந்தப் பற்று காயாமல் இருந்தது.