படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் பார்த்துக்கொள்ள

பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து அப்பாருவோ அம்மிச்சியோ படுத்துவிட்டால், பல வீடுகளில் முதலில் ஆல்பா பெட், அதாவது மோட்டாரில் ஓடும் காற்று மெத்தை, வாங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது திருப்பிப் போடுவதற்கு ஈடாகாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்தம் ஓடாமல் போவதால்தான் படுக்கைப்புண் வருகிறது. மேல்தோல் கிழிவதற்கு முன்பே உள்சதை கெட்டிருக்கலாம்.

இரண்டு மணிக்கொரு முறை வலம், மல்லாக்க, இடம் என்று மாற்றுங்கள், இரவிலும்தான். மாற்றிய நேரத்தைச் சுவரில் ஒரு அட்டையில் எழுதினால் அடுத்து கவனிப்பவருக்குக் குழப்பமிருக்காது. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடையெல்லாம் இடுப்பெலும்பின் மேல் இறங்கும். முதுகுப்பக்கம் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்றை வைத்து, குதிகால் எதிலும் படாதபடி விடுங்கள்.

நகர்த்தும்போது இழுக்கவே கூடாது, தோல் உரியும். தோளிலிருந்து தொடைவரை மடித்த வேட்டியை அடியில் விரித்து, இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்குங்கள். தலைமாட்டை வெகுநேரம் 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைத்தாலும் உடம்பு சறுக்கி, புட்டத்துத் தோல் இழுபடும். சாப்பிட நிமிர்த்தினால் அரைமணி நேரம் விட்டு இறக்கிவிடுங்கள்.

காற்று மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராகக் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மேலே ஒரே ஒரு சென்னிமலைப் பருத்தி விரிப்பு, சுருக்கமில்லாமல். ரப்பர் ஷீட்டும் மடித்த போர்வையும் போட்டால் மெத்தை வாங்கியதே வீண். ஈரோடு, கரூர் வெயிலுக்கு வேர்வையிலேயே தோல் ஊறிவிடும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். அப்போது இன்னும் அடிக்கடி திருப்புங்கள். தொய்ந்த கயிற்றுக் கட்டில் வேண்டாம்.

தினமும் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும் தொட்டால்தான் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதன்மேல் படுக்கவைக்காதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம், சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

டயப்பர் நனைந்தால் உடனே மாற்றி, கழுவி, ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு பூசுங்கள்.

50 கிலோ உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கொள்ளுப்பருப்பு, தயிர், மீன் எல்லாம் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோல் கிழிந்தாலோ, கறுத்தாலோ, சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்.