ஹெட்செட் மைக் வேலை செய்யவில்லையா? குரல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

பாட்டு கேட்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவதும் நன்றாகக் கேட்கிறது, ஆனால் நீங்கள் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்லை. பெரும்பாலும் இது தெரியவருவது நேர்காணலுக்கோ ஆன்லைன் வகுப்புக்கோ ஐந்து நிமிடம் முன்னால்தான். பதற்றத்தில் பலர் டிரைவரை (கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், இல்லையென்றால் புது ஹெட்செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் ஹெட்செட்டில் ஒரு கோளாறும் இருக்காது.

உங்கள் குரல் மைக்கில் ஏறி, ஒயர் வழியாக அதன் முனையில் இருக்கும் உலோகப் பின்னுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அதைச் சொருகும் ஓட்டையான ஜாக்கில் நுழைந்து, விண்டோஸைத் தாண்டி, கடைசியாக ஜூம் அல்லது மீட் மாதிரியான செயலிக்குப் போய்ச் சேர்கிறது. இதே வரிசையில் சோதித்துக்கொண்டு போனால் எந்த இடத்தில் நிற்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். நடுவிலிருந்து ஆரம்பித்தால்தான் குழப்பம்.

1. முதலில் ஹெட்செட்டையே பாருங்கள்

ஒயரில் சின்னதாக ஒரு பெட்டி தொங்குகிறதா? அதில் மியூட் ஸ்விட்ச் இருக்கும், சட்டைப் பொத்தானில் உரசினால்கூட நகர்ந்துவிடும். சில ஹெட்செட்டில் மைக் தண்டை மேலே தூக்கிவிட்டாலே மியூட் ஆகிவிடும், அதை வாய்ப் பக்கம் இறக்கினால்தான் வேலை செய்யும். சில மாடல்களில் தண்டையே கழற்றி மாட்டலாம், அதைக் கடைசி வரை அழுத்திச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அடுத்து ஹெட்செட்டை வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருந்தால் அதில் சொருகி, ரெக்கார்டரைத் திறந்து பேசிப் பதிவுசெய்யுங்கள். இதில் ஒரு பொறி உண்டு: போனுக்கென்று சொந்த மைக் இருக்கிறது, அது உங்கள் குரலைப் பிடித்துவிட்டால் ஹெட்செட் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் பதிவு ஓடும்போது ஹெட்செட் மைக்கின் மேல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். கேட்கும்போது கர்கர் என்று காதைக் கிழிக்கிற மாதிரி வந்தால் பதிவுசெய்தது ஹெட்செட் மைக்தான். எங்கோ தூரத்தில் உரசுவதுபோல் வந்தால் போனின் மைக். இந்தச் சுரண்டல் சோதனையை நினைவில் வையுங்கள், லேப்டாப்பிலும் இதே வேலைக்குத் தேவைப்படும்.

யூஎஸ்பி ஹெட்செட் என்றால் வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால், குறைந்தபட்சம் ஹப்பையும் நீட்டிப்பு ஒயரையும் விட்டுவிட்டு நேராக மெஷினில் இருக்கும் வேறொரு யூஎஸ்பி போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

2. பின்னில் எத்தனை கறுப்பு வளையம்?

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட்செட் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத் தண்டின் குறுக்கே மெல்லிய வளையங்கள் தெரியும், பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். மூன்று வளையம் இருந்தால் தண்டு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்: இடது காது, வலது காது, எர்த், மைக். போனுக்கும் லேப்டாப்புக்கும் ஏற்ற பின் இது. இரண்டு வளையம்தான் என்றால் அந்த ஒரு பின்னில் காதுக்கான ஒலி மட்டும், இல்லை மைக் மட்டும்தான் போகும்.

பல டெஸ்க்டாப்களில் காதுக்குப் பச்சை ஜாக், மைக்குக்கு இளஞ்சிவப்பு ஜாக் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். மூன்று வளையம் உள்ள ஒற்றைப் பின்னைப் பச்சையில் சொருகினால் பாட்டு அருமையாகக் கேட்கும், மைக் போய்ச் சேர அங்கே இடமே இல்லை. இளஞ்சிவப்பில் சொருகினால் காதில் ஒன்றும் கேட்காது, மைக்கும் ஒழுங்காக எடுக்காது. விண்டோஸில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்குத் தேவை ஒரு ஒய் வடிவ ஸ்பிளிட்டர். ஒரு பக்கம் ஹெட்செட் பின் நுழைய ஒரே ஓட்டை, மறுபக்கம் இரண்டு பின்கள், ஒன்றில் ஹெட்போன் படமும் இன்னொன்றில் மைக் படமும் போட்டிருக்கும். விலை அதிகமில்லை. ஆனால் வாங்கும்போது கவனம்: இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான ஸ்பிளிட்டரும் பார்க்க கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அதில் ஒரு பின்னும் இரண்டு ஓட்டைகளும் இருக்கும். கடையில் "ஸ்பிளிட்டர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுக்க வாய்ப்பு அதிகம். "ஹெட்செட்டை மைக்கோடு டெஸ்க்டாப்பில் போட வேண்டும்" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள்.

நீல ஜாக் வேண்டாம். அது வேறு கருவிகளிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கு. ஹெட்செட்டில் இருக்கும் சின்ன மைக் வேலை செய்யக் கொஞ்சம் மின்னழுத்தம் வேண்டும், அதை இளஞ்சிவப்பு ஜாக் கொடுக்கும், நீலம் கொடுக்காது.

சரி, சரியான ஜாக்கில்தான் போட்டிருக்கிறேன், ஆனால் கேபினெட்டின் முன்பக்கத்தில் போட்டிருக்கிறேன் என்கிறீர்களா? பின்பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அசெம்பிள் செய்த மெஷின்களில் முன்பக்க ஜாக்கின் ஒயர் மதர்போர்டில் மாட்டப்படாமலே இருக்கலாம். எங்கே போட்டாலும் சட்டென்று ஒரு சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக நுழைந்த பின்னிலும் காதில் ஒலி வரும், மைக் மட்டும் வராது.

லேப்டாப்பில் ஒரே ஜாக் இருந்து, பக்கத்தில் மைக் தண்டோடு ஹெட்செட் படம் போட்டிருந்தால் ஸ்பிளிட்டர் தேவையில்லை. ஆனால் பின்னைச் சொருகியதும் "எதைச் சொருகினீர்கள்" என்று சில லேப்டாப்களில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். அதில் ஹெட்போன் என்று கொடுத்தால் மைக்கைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. பின்னை உருவி மறுபடி சொருகி, இந்த முறை ஹெட்செட் என்று கொடுங்கள். பெட்டி வரவில்லையென்றால் ரியல்டெக் ஆடியோ கன்சோல் என்ற செயலியைத் திறந்தால் அங்கே மாற்ற இடம் இருக்கும்.

3. விண்டோஸுக்குக் கேட்கிறதா?

டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அங்கே இன்புட் என்று ஒரு பகுதி இருக்கிறது. (விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஆனாலும் வீடுகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.) அந்தப் பட்டியலில் உங்கள் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். நீலப் பட்டை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

பட்டை ஆடினால் ஒயர், பின், ஜாக் எல்லாம் சரி, நேராக நான்காவது படிக்குப் போய்விடலாம். ஆனால் லேப்டாப்பில் இங்கேயும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். லேப்டாப்பின் உள் மைக்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும் பட்டை ஆடத்தான் செய்யும். "உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்று நண்பர்கள் சொல்கிறார்களா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பட்டியலில் ஹெட்செட்டே இல்லையென்றால், அதே பக்கத்தில் கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ் இருக்கும், விண்டோஸ் 10-இல் சவுண்ட் கண்ட்ரோல் பேனல். அதைத் திறந்து ரெக்கார்டிங் டேபுக்குப் போங்கள். வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து ஷோ டிஸேபிள்டு டிவைசஸில் டிக் போடுங்கள். மங்கலாக ஒரு மைக் தோன்றினால் அதில் ரைட் கிளிக், எனேபிள். அப்புறம் அதையே டிஃபால்ட்டாக வையுங்கள்.

குரல் போகிறது, ஆனால் முணுமுணுப்பு மாதிரி இருக்கிறது என்றால், அதே மைக்கை இரண்டு முறை கிளிக் செய்து லெவல்ஸ் டேபைப் பாருங்கள். மைக்ரோஃபோன் அளவை 80, 90 அளவில் வைத்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும், குரலைக் கூடுதலாகப் பெருக்கும் பூஸ்ட்டை 10 டெசிபலுக்கு ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 30-க்குக் கொண்டுபோனால் உங்கள் குரலோடு உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.

4. அனுமதி

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோஃபோன். விண்டோஸ் 10-இல் வெறும் பிரைவசி. மேலே இருக்கும் ஸ்விட்சுகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பட்டியல் முழுக்க இறங்கிப் போனால் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். குரோம் அதற்குக் கீழேதான் வருகிறது. அந்த ஸ்விட்ச் அணைந்திருந்தால் குரோமில் திறக்கும் எந்தக் கூட்டத்திலும் உங்கள் குரல் போகாது.

சில லேப்டாப்களில் மைக்கை அணைக்கத் தனிப் பொத்தானே உண்டு, கீபோர்டின் மேல்வரிசையில் மைக் படத்தின் குறுக்கே கோடு போட்டிருக்கும். அதில் விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது.

5. செயலிக்குள்

விண்டோஸில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜூம் தனக்கென்று ஒரு மைக்கை வைத்துக்கொள்ள முடியும். மைக் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் பட்டியல் வரும், ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஸ்பீக்கரையும் மைக்கையும் சோதிக்கும் வசதி இருக்கிறது, பேசியதைத் திருப்பிப் போட்டுக் காட்டும். கூட்டத்துக்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

மீட்டை பிரவுசரில் திறந்தால், முகவரிப் பட்டையின் இடதுமுனையில் உள்ள படத்தை அழுத்தி மைக்குக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

புளூடூத் என்றால்

மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் பாட்டின் தரம் பழைய டெலிபோன் மாதிரி இறங்குகிறதா? பழுது இல்லை. வழக்கமான புளூடூத்தில் பாட்டு கேட்க ஒரு முறை, பேச வேறொரு முறை, பேசும் முறையில் ஒலித்தரம் குறைவு. விண்டோஸ் 10 இரண்டையும் தனித்தனிப் பெயரில் காட்டும், பேசும்போது ஸ்பீக்கர், மைக் இரண்டுக்குமே பெயரில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தினமும் மணிக்கணக்கில் பேசுபவர்களுக்கு நான் ஒயர் உள்ள யூஎஸ்பி ஹெட்செட்டைத்தான் சொல்வேன். வளையம், ஜாக், ஸ்பிளிட்டர் என்று எந்தத் தலைவலியும் அதில் கிடையாது.

6. டிரைவர், கடைசியாக

இவ்வளவு பார்த்தும் வரவில்லை என்றால் ஸ்டார்ட்டில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ். உங்கள் மைக்கை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். புது டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடி எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள், வேண்டாதவற்றையும் கூடவே இறக்கிவிடும்.

இரைச்சல் வந்தால்

ம்ம்ம் என்று ஒரே சீரான ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதோடு நின்றுவிட்டால் பிரச்சினை மின் இணைப்பில். எர்த் இல்லாத பிளக்கில் போட்டிருப்பீர்கள், எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டுக்கு மாற்றிப் பாருங்கள். புஸ்புஸ் என்று வந்தால் மூச்சுக்காற்றோ, தலைக்கு மேலே சுற்றும் ஃபேனோ மைக்கில் அடிக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள், ஸ்பாஞ்ச் உறை இருந்தால் போடுங்கள்.

விட்டுவிட்டு வருகிறது என்றால், பதிவை ஓடவிட்டுப் பேசிக்கொண்டே பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும் இடத்தில் குரல் அறுந்து அறுந்து வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. வாரண்டி இருந்தால் ஒயரை வெட்டாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் சால்டர் வைக்கத் தெரிந்த மொபைல் சர்வீஸ் கடையில் புதுப் பின் போட்டுத் தரச் சொல்லலாம், மூன்று வளையப் பின்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.