இங்கிலாந்தில் வாடகை வீடு: கரண்ட் அடுப்பு ட்ரிப் ஆனால்

ஈரோடு, கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு பேங்க் கணக்கு, டாக்டரிடம் பதிவு, கவுன்சில் வரி பற்றியெல்லாம் சொல்ல ஆள் நிறைய உண்டு. வாடகை வீட்டின் கரண்ட் அடுப்பைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

இங்கே பல வீடுகளில் கேஸ் கிடையாது. கீழே ஓவன், மேலே நாலு தட்டு, எல்லாம் கரண்ட். அதற்குத் தனி லைன், பெரும்பாலும் 32 ஆம்பியர், சமையலறைச் சுவரில் ஒரு பெரிய சுவிட்ச். எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும் சுவிட்ச், இருக்கிறதே, போதாதா என்பீர்கள். அது வயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி., ஊரில் ஈ.எல்.சி.பி. என்போமே, அந்த வகைதான். போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். அதைத்தான் ட்ரிப், விழுந்துவிட்டது என்கிறோம்.

என் நண்பர் ஒருத்தர், கோபிக்காரர், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டை எடுத்தார். ஓவனைப் போட்டால் பாதி வீடு இருட்டு. அடுப்பும் ஃபிரிட்ஜும் ஒரே ஆர்.சி.டி.க்குக் கீழே. ஒருமுறை வெளியூர் போயிருந்தபோது ஆர்.சி.டி. தானாகவே விழுந்து, ஃபிரீசரில் வைத்திருந்த ஆட்டுக்கறி மொத்தமும் குப்பைக்குப் போனது. புகார் சொன்னதும் ஏஜென்சி ஒரு ஆளை அனுப்பியது. அவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அடுப்பு லைனை ஆர்.சி.டி. இல்லாத பக்கத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"ஒரே நிமிசத்துல சரி பண்ணிட்டாருங்க" என்று நண்பருக்கு ஒரே சந்தோஷம். நாய் குரைக்கிறது என்று நாயை விற்ற கதைதான்! பிறகு தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தால், ஓவனைச் சூடாக்கும் எலிமென்ட்டில் கரண்ட் கசிவு அப்படியே இருக்கிறது, அடுப்புக்குப் போகும் எர்த் ஸ்குரூவும் ஆடுகிறது. அந்த அடுப்பைத்தான் அவர் வீட்டம்மா தினமும் ஈரக்கையோடு தொட்டுக்கொண்டிருந்தார். அந்த எலக்ட்ரீஷியன் கூலியும் நண்பர் தலையில்தான் விழுந்தது. ஏஜென்சி வாயைத் திறக்கவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். எலிமென்ட்டின் உலோகக் குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி, அடுப்பைப் பயன்படுத்தாமல் விட்டால் ஈரத்தை இழுக்கும். சில சமயம் சூட்டில் காய்ந்து சரியாகும். திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனால் எலிமென்ட்டை மாற்ற வேண்டும். ஓவனை அணைத்திருந்தாலும் ட்ரிப் ஆகலாம், அதுதான் நண்பரைக் குழப்பியது. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் வழியாகக் கசிவு நிற்காது. சுவரில் இருக்கும் பெரிய சுவிட்ச் இரண்டையும் துண்டிக்கும். அதை அணைத்துவிட்டு ஆர்.சி.டி.யைத் தூக்கிப் பாருங்கள். விழாமல் நின்றால் கோளாறு அடுப்பில்தான். ஃபியூஸ் பெட்டி மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள், ஊரில் பம்புசெட் ஸ்டார்ட்டரில் கை வைத்துப் பழகியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சாவி வாங்கும் முன் ஈ.ஐ.சி.ஆர்., அதாவது வீட்டு வயரிங் சோதனை அறிக்கை, கேளுங்கள். 2020 சட்டப்படி இங்கிலாந்தில் வீட்டு ஓனர் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை வயரிங்கைச் சோதித்து, குடிவருபவர் வரும் முன்பே நகல் தர வேண்டும். அதில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி இருக்கும். அடுப்பு வரியில் ஆர்.சி.டி. கட்டம் காலியா என்று பாருங்கள். பழைய வீட்டில் காலியாக இருந்தால் உடனே சட்ட மீறல் என்று சண்டைக்குப் போக முடியாது. இருந்ததைப் பிடுங்கினால் கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் அடுப்புக்குத் தனியாக ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.டி.யும் சேர்ந்த ஒரே சுவிட்ச்) போடச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜ் தப்பிக்கும்.

அப்புறம், தை பிறந்து பால் பொங்கித் தட்டுக்கு அடியில் இறங்கினாலும் ஆர்.சி.டி. விழும். பயப்பட வேண்டாம். சுவிட்சை அணைத்து நன்றாகக் காயவிடுங்கள், பொங்கலை அதுவரை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.